விண்டோஸ் 11-க்கு ஏற்றிய பழைய கணினி: எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது

காரைக்குடியில் எங்கள் வீட்டில் சீர் பலகாரம் செய்து கொடுக்கிறோம். தேன்குழல், மாவுருண்டை, அதிரசம், சீப்புச் சீடை என்று முகூர்த்த மாதங்களில் அடுப்பு அணையாது. ஆர்டர் கணக்கு, பில், டின்னில் ஒட்டும் லேபிள் எல்லாம் 2018 கடைசியில் வாங்கிய ஒரே கணினியில்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் அதை விண்டோஸ் 11-க்கு ஏற்றினேன். அந்த வேலை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. சிக்கல் அதற்கு அப்புறம், பழைய புரோகிராம்களைச் சுத்தம் செய்யும்போது வந்தது.

ஒரே இரவில் பத்தொன்பது புரோகிராம்களை நீக்கினேன். 'பழைய விண்டோஸ்' என்று இருந்ததையும் சேர்த்து அழித்துவிட்டேன். மறுநாள் காலை கோட்டையூர்க் கல்யாணத்துக்கு அறுபது டின் போக வேண்டும். லேபிளை அச்செடுத்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமாக வந்தது. அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, கோழி கிண்டுன மாதிரி இருக்கு?" என்றார்கள். பில் புரோகிராமும் திறக்கவில்லை. அறுபது லேபிளையும் கையால் எழுதினோம். எல்லாம் பழைய நிலைக்கு வர ஒன்பது நாள் ஆனது.

கீழே இருப்பது, அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கிய வரிசை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்த வழியில் ஏற்றினீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

விண்டோஸ் அப்டேட் வழியாக, ஃபைல்களும் புரோகிராம்களும் அப்படியே இருக்க ஏற்றியிருந்தால், பழைய கணினியில் இருந்த அத்தனை சாமானும் புது விண்டோஸுக்குக் குடிவந்திருக்கும். தேவையில்லாததும் கூடவே வந்திருக்கும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

கடையில் கொடுத்துப் புதிதாகப் போட்டிருந்தால் கதை வேறு. சி டிரைவை ஃபார்மட் செய்யாமல் அதன் மேலேயே புது விண்டோஸைப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உங்கள் டாக்குமெண்ட்ஸ், போட்டோ, டெஸ்க்டாப்பில் இருந்தவை எல்லாம் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் 'யூசர்ஸ்' என்பதன் கீழ் கிடக்கும். மேலே எங்கும் தெரியாது. "எல்லாம் போச்சு" என்று நினைத்து, இடம் வேண்டுமே என்று அந்த ஃபோல்டரையும் அழித்தால் அப்போதுதான் நிஜமாகவே போகும். முதலில் அதைத் திறந்து பாருங்கள். வேண்டியதை வெளியே எடுத்து வையுங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஒரு புரோகிராமை நீக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். திரும்பப் போட அதன் சாவி எண் (புராடக்ட் கீ) வேண்டும். அந்த எண் பழைய மின்னஞ்சலிலோ, பீரோவுக்குள் எங்கோ ஒரு உறையிலோ இருக்கும். தொடங்கும் முன் இவற்றை ஒரு ஃபைலில் சேர்த்துவிடுங்கள்:

- கணினி வாங்கிய பில், அதனுடன் வந்த சிடிக்கள்
- ஆஃபீஸ் புரோகிராமின் சாவி எண், அல்லது எந்த மின்னஞ்சலில் வாங்கினீர்களோ அதன் கடவுச்சொல்
- டேலி (கணக்கு மென்பொருள்) வைத்திருந்தால் சீரியல் எண், பதிவு செய்த மின்னஞ்சல்
- தமிழ் டைப்பிங் மென்பொருள் காசு கொடுத்து வாங்கியது என்றால் அதன் பில், கூட வந்த டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சாவி)
- டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (யுஎஸ்பியில் செருகுவது) இருந்தால் அதன் பின் (PIN) எண், டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இருக்கும் சிடி
- விண்டோஸ் டிரைவுக்குப் போடும் பூட்டான பிட்லாக்கரின் மீட்பு எண் (48 இலக்கம்), காகிதத்தில்

கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் டிரைவ் பூட்டப்பட்டிருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்று இருக்கிறதா பாருங்கள். ஆன் என்று இருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டேலியை வேறு கணினிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், நீக்கும் முன் லைசென்ஸை 'சரண்டர்' செய்யுங்கள், அதாவது திருப்பி ஒப்படையுங்கள். அதை மறந்து ஃபார்மட் செய்துவிட்டுப் பிறகு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. நகல்

கணக்கு, பில், லேபிள், போட்டோ எல்லாவற்றையும் வெளியே ஒரு நகல். நான் 128 ஜிபி பென் டிரைவ் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினேன். மொத்த வேலைக்கும் நான் செய்த செலவு அதுதான். புரோகிராம்களை நீக்குவதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. "ஃபார்மட் பண்ணித் தர்றேன், 800 ஆகும்" என்று சொன்ன கடையில் நகல் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நகல் இருக்கிறதா என்று கேட்காத இடத்தில் கணினியைக் கொடுக்காதீர்கள்.

எங்கே எது இருக்கிறது என்று தெரியாவிட்டால்: டேலி கணக்குகள் வழக்கமாக சி டிரைவில் 'யூசர்ஸ்', அதற்குள் 'பப்ளிக்' ஃபோல்டரில் இருக்கும். சிறிய பில் புரோகிராம்கள் தங்கள் கணக்கை 'புரோகிராம் டேட்டா' என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரிலோ, புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயோ வைக்கும். புரோகிராமை நீக்கும்போது கணக்கும் சேர்ந்து போகிற ஆபத்து இதனால்தான். பில் புரோகிராமுக்குள்ளேயே 'பேக்கப்' பட்டன் இருந்தால் அதையும் ஒருமுறை அழுத்தி, வந்த ஃபைலைப் பென் டிரைவில் போடுங்கள்.

பிறகு தேடும் பெட்டியில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தட்டிப் பாருங்கள். ஏற்றத்துக்குப் பிறகு இந்தப் பாதுகாப்பு பல கணினிகளில் அணைந்து கிடக்கும். சி டிரைவுக்கு ஆன் செய்து ஒரு புள்ளியை உருவாக்குங்கள். இது விண்டோஸையும் புரோகிராம்களையும் பின்னுக்கு இழுக்கும். உங்கள் கணக்கையும் போட்டோவையும் மீட்டுத் தராது. ஆகவே பென் டிரைவ் நகலுக்கு இது மாற்று ஆகாது.

4. ஒரு வாரம் எதையும் நீக்காதீர்கள்

ஏற்றிய நாளிலிருந்து 10 நாள் வரை பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போகலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, அங்கே 'கோ பேக்'. இதற்குப் பழைய விண்டோஸ் கிடக்கும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர் இருக்க வேண்டும். 10 நாள் ஆனதும் விண்டோஸே அதை அழித்துவிடும். விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், ஒரு கட்டளை மூலம் இந்தக் கெடுவை 60 நாள் வரை நீட்டிக்கலாம். அதையும் அந்த 10 நாளுக்குள் செய்துவிட வேண்டும்.

முதல் ஏழு நாளில் உங்கள் வேலைகளை எல்லாம் ஒரு சுற்றுச் செய்து பாருங்கள். ஒரு பில் போடுங்கள். ஒரு லேபிள் அச்செடுங்கள். ஸ்கேனர், ஜிஎஸ்டி தளம், டோக்கன், வங்கித் தளம் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். மாதம் ஒருமுறை மட்டும் செய்கிற வேலைதான் மறந்துபோகும். எங்கள் வீட்டில் அது பழைய பைனான்ஸ் கணக்கு ஷீட். எது எதை நம்பி ஓடுகிறது என்று இந்த வாரத்தில்தான் தெரியவரும்.

நான் தை மாதத்தில் இந்த வேலையைத் தொட்டது பெரிய தவறு. உங்கள் வியாபாரத்துக்கு எது மந்தமான மாதமோ அதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது மார்கழி. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி நீக்கும்போது கரண்ட் போனால், அந்தப் புரோகிராம் இருக்கவும் இருக்காது, பட்டியலை விட்டுப் போகவும் போகாது.

5. பட்டியலை எழுதுங்கள், மூன்றாகப் பிரியுங்கள்

செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', அதில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்'. மேலே வரிசையைத் தேதிவாரியாக மாற்றலாம், அளவுவாரியாகவும் மாற்றலாம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: போகட்டும், இருக்கட்டும், தெரியவில்லை.

யோசிக்காமல் முதல் பத்தியில் எழுதக்கூடியவை இவை. அடோபி ஃபிளாஷ் பிளேயர்: 2020 முடிவோடு ஆதரவு நின்றுபோனது, இப்போது அதனால் எதையும் ஓட்ட முடியாது. சில்வர்லைட்: 2021 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸுக்கான குவிக்டைம்: 2016-லேயே நீக்கச் சொல்லிவிட்டார்கள். பிரவுசரில் ஒட்டிக்கொண்ட டூல்பார்கள். 'உங்கள் கணினியை வேகமாக்குகிறோம்' என்று நாளுக்கு நாலு முறை எட்டிப் பார்க்கும் கிளீனர், 'டிரைவர் அப்டேட்டர்' வகைகள். கணினியோடு இலவசமாக வந்த சோதனைப் பதிப்புகள். ஆஃபீஸ் இரண்டு மூன்று பதிப்பு இருந்தால், சாவி எண் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றவை.

இருக்கட்டும் என்று எழுத வேண்டியதில் மிக முக்கியமானது 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்ற வரிசை. 2005, 2008, 2010, 2013 என்று ஆண்டு போட்டு, ஒவ்வொன்றும் இரண்டு முறை கூட இருக்கும். பார்க்கும்போது ஒரே பொருள் பத்து முறை கிடப்பது போலவே தெரியும். நானும் அப்படி நினைத்துத்தான் ஆறு வரியை நீக்கினேன். பில் புரோகிராம் அதனால்தான் நின்றது. ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு புரோகிராமுக்கு அடித்தளம். எல்லாம் சேர்ந்தாலும் எடுக்கும் இடம் கொஞ்சம்தான். அப்படியே விடுங்கள். 'டாட் நெட்' என்று வருவதும், இன்டெல், ரியல்டெக் என்ற பெயரில் வருவதும் அதே பத்திதான். பழைய பில் புரோகிராம் திறக்கும்போது 'டாட் நெட் 3.5 வேண்டும்' என்று கேட்டால், 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்பதில் அதை டிக் செய்தால் போதும், காசு இல்லை.

ஜாவா பழைய பதிப்புகள் இருந்தால் நிதானம் வேண்டும். டோக்கன் வைத்துக் கையெழுத்துப் போடும் சில மென்பொருள்களுக்கு அது தேவைப்படலாம். உங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீக்குங்கள்.

மூன்றாவது பத்தியில் இருப்பதைத் தெரியும் வரை தொடாதீர்கள். இடைவழி ஒன்று இருக்கிறது: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் சந்தேகமானதை 'டிஸேபிள்' செய்யுங்கள். புரோகிராம் இருக்கும், கணினி திறக்கும்போது தானாக ஓடாது, அவ்வளவுதான். ஒரு வாரம் எதுவும் குறையாவிட்டால் அப்புறம் நீக்கலாம். உண்மையில் கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வரிசைதான். எங்களுடையதில் பதினொன்று ஓடிக்கொண்டிருந்தது, எட்டை நிறுத்தினேன்.

6. தமிழ் ஃபான்ட்: தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்

செட்டிநாட்டில் பழைய கணினி இருக்கும் வீடுகளிலும் கடைகளிலும் இது நிச்சயம் வரும். அழைப்பிதழ், மொய்ப் பட்டியல், கோவில் வரிக் கணக்கு, லேபிள் எல்லாம் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்டிலோ வேறு பழைய முறையிலோ அடித்து வைத்திருப்பார்கள். அந்த ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அந்தக் குறிப்பிட்ட ஃபான்ட் கணினியில் இருந்தால்தான் அவை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஃபான்ட் போனால் கிறுக்கல் மட்டும்தான் தெரியும்.

நான் "இப்போதெல்லாம் விண்டோஸிலேயே தமிழ் அடிக்கலாமே, இந்தப் பழைய டைப்பிங் மென்பொருள் எதற்கு" என்று நீக்கினேன். அதோடு அது கொண்டுவந்த ஃபான்டுகளும் கிளம்பிவிட்டன. எங்கள் லேபிளில் தமிழ்ப் பெயர், பொருட்களின் பட்டியல் எல்லாம் கிறுக்கல். உணவு உரிமத்தின் 14 இலக்க எண் மட்டும் ஒழுங்காக இருந்தது.

செய்ய வேண்டியது இது. சி டிரைவில் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' இருக்கிறது. அதில் உள்ள தமிழ் ஃபான்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பென் டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு நகல் எடுங்கள். எது தமிழ் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையுமே எடுங்கள். பிறகு டைப்பிங் மென்பொருளை நீக்கினாலும், அந்த ஃபான்டை வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் பழைய ஃபைல் மறுபடி தமிழாகத் தெரியும். என்னிடம் நகல் இல்லை. முன்பு எங்களுக்கு அழைப்பிதழ் அடித்துக்கொடுத்த அச்சகத்தில் போய்க் கேட்டுத்தான் அதே ஃபான்டை வாங்கி வந்தேன்.

சிலருக்கு லதா, விஜயா ஃபான்டுகள் காணாமல் போகும். அவை யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை)தான், எழுத்து கிறுக்கலாகாது. உருவம் மட்டும் மாறி விண்டோஸின் நிர்மலா ஃபான்டில் தெரியும், பக்க அமைப்பு குலையும். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, அதில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்த்தால் இரண்டும் திரும்பி வந்துவிடும்.

இனி அடிப்பதற்கு விண்டோஸில் உள்ள தமிழ் 99 அல்லது ஃபோனெடிக் விசைப்பலகையே போதும். 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். பழைய ஃபைல்களில் முக்கியமானவற்றை என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். நான் முதலில் லேபிள்களை மாற்றினேன், பிறகு அம்மாவின் பக்குவக் குறிப்புகளை. மாற்றியதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கொம்பும் காலும் சில இடங்களில் பிசகும். 'இரண்டு ஆழாக்கு' பிசகினால் பலகாரமே பிசகிவிடும்.

7. நீக்கும் வரிசை

ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்து, ஒரு பில்லும் ஒரு லேபிளும் போட்டுப் பாருங்கள். ஏதாவது நின்றுபோனால் எதனால் என்று உடனே தெரியும். பத்தொன்பதை ஒன்றாக நீக்கிவிட்டு எது காரணம் என்று தேடுவது பெரிய வேதனை.

முதலில் ஆன்டிவைரஸ். கெடு முடிந்த பழையது உட்கார்ந்திருந்தால், அது தானும் காவல் காக்காது, விண்டோஸின் சொந்தக் காவலையும் சில சமயம் எழும்ப விடாது. பட்டியலில் இருந்து நீக்கியபின், அந்த நிறுவனமே இதற்கென்று தரும் 'ரிமூவல் டூல்' இருந்தால் அதன் தளத்திலிருந்து மட்டும் எடுத்து ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, பச்சை டிக் இருக்கிறதா பாருங்கள். அது வரும் வரை இணையத்தில் வேறு எதையும் திறக்க வேண்டாம்.

அடுத்து டூல்பார், கிளீனர். பிறகு ஃபிளாஷ், சில்வர்லைட் வகை. கடைசியாகப் பழைய ஆஃபீஸ்.

சில புரோகிராம்கள் 'அன்இன்ஸ்டால்' கொடுத்தாலும் போகாது, பழைய சிடியைப் போடச் சொல்லும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டர்' என்று இலவசமாக இருக்கிறது, அதில் போய்விடும். 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' பக்கம் போகவே போகாதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) நாலு வரி மிச்சம் கிடந்தால் கணினிக்கு ஒரு நட்டமும் இல்லை. தவறான நாலு வரி போனால் விண்டோஸே எழும்பாது. "உங்கள் கணினியில் 1,400 பிழை" என்று காட்டிப் பணம் கேட்பதும், மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம் என்று வரும் போன் அழைப்பும் ஏமாற்று வேலை.

8. பிரிண்டர்

'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்தில் ஒரே பிரிண்டர் 'காப்பி 1', 'காப்பி 2' என்று நிற்கும். எது உண்மையானது என்று ஒவ்வொன்றிலும் ஒரு சோதனைப் பக்கம் அடித்துக் கண்டுபிடித்து, மற்றதை நீக்குங்கள். பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனம்: டிரைவர் சிடியோ ஃபைலோ கையில் இருந்தால் மட்டும் அதன் டிரைவரைத் தொடுங்கள். தாள் அளவையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த அளவு போனால் பில் இரண்டு தாளில் பாதி பாதியாக வரும்.

9. மிச்சம் கிடக்கும் ஃபோல்டர்கள்

புரோகிராம் போன பிறகும் 'புரோகிராம் ஃபைல்ஸ்', 'புரோகிராம் டேட்டா' ஆகிய இடங்களில் அதன் பெயரில் ஃபோல்டர் நிற்கும். உடனே அழிக்காமல் பெயருக்கு முன்னால் 'பழசு' என்று சேர்த்துவிடுங்கள். எந்தப் புரோகிராமாவது அதைத் தேடினால் ஓரிரு நாளில் குரல் கொடுக்கும். பெயரைத் திரும்ப மாற்றினால் சரியாகிவிடும். இரண்டு வாரம் ஒன்றும் நடக்காவிட்டால் அழிக்கலாம்.

10. கடைசியாக விண்டோஸ்.ஓல்ட்

எல்லாம் ஓடுகிறது என்று உறுதியானதும், 10 நாள் முடியக் காத்திருக்காமல் இடம் வேண்டும் என்றால், செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், 'டெம்பரரி ஃபைல்ஸ்'. அங்கே 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்று இருக்கும். எங்களுடையது 23 ஜிபி இருந்தது. 240 ஜிபி எஸ்எஸ்டி (கணினியின் சேமிப்பு டிஸ்க்) என்று வாங்கியது விண்டோஸில் 223 ஜிபி என்றுதான் காட்டும். அதில் 23 என்பது பெரிய இடம்.

அந்த ஃபோல்டரை நேரடியாக டெலிட் கொடுத்து அழிக்க முயல வேண்டாம், அனுமதி இல்லை என்று பாதியில் நிற்கும். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கிறது. அது குப்பை இல்லை. நீங்கள் இறக்கி வைத்த வங்கி ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரசீது, யாரோ அனுப்பிய அழைப்பிதழ் எல்லாம் அதில்தான் இருக்கும். அதில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாகப் பார்த்தால் நகலுக்கு ஒரு மாலை, சோதனைக்கு ஒரு வாரம், ஃபான்டுக்கு ஒரு நாள், நீக்குவதற்குத் தினம் அரை மணி வீதம் நாலு நாள். அழிக்கும் பட்டனை அழுத்தும் முன் ஒரு லேபிள் அச்செடுத்து, வீட்டில் தமிழ் வாசிக்கிற ஒருவர் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அம்மா வாசித்து "சரி" என்று சொன்ன பிறகுதான் எதையும் அழிக்கிறேன்.